குடும்பத்தைத் தாங்கும் ஊர்

பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1950களில் தலைமை வகித்த டாக்டர் வித்யாசாகர், அக்காலத்து ஆஸ்பத்திரி விதிகள் எதிலும் காணப்படாத ஒரு காரியத்தைத் துணிந்து செய்தார். நோயாளியைக் கொண்டுவந்து வாசலில் ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட மை உலர்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவது உறவினர்களுக்குச் சகஜமாக இருந்தது. அவர்களை நிறுத்தி, ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் அமைத்துக் கொடுத்து, நோயாளியோடு கூடவே தங்கியிருந்து, நோயின் தன்மை இன்னது, அதற்குச் செய்யும் வைத்தியம் இன்னது, வீடு திரும்பிய பிறகு நடந்துகொள்ள வேண்டிய முறை இன்னது என்று தாங்களும் கற்றுக்கொண்டு போகும்படி அவர் செய்தார். இடநெருக்கடியைச் சமாளிக்கவும் அந்த ஏற்பாடு உதவியது என்பது உண்மையே. ஆனால் அதன் விசேஷ பலன் வேறொன்று: சொந்த மனிதர்கள் அருகிலிருந்த நோயாளிகள் தேறி வீடு திரும்பினார்கள், அவர்களை ஏற்றுக்கொள்ள அந்த வீடுகளும் தயாராக இருந்தன.

அதே எண்ணத்தின் வழியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல நிலையம் 1957ல் ஆரம்பமானபோது, நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரேனும் தங்க வேண்டும் என்பதை அங்கே ஒழுங்காகவே வைத்துக்கொண்டார்கள். மேல்நாட்டு மனநோய் ஆஸ்பத்திரிகள் உயர்ந்த மதிற்சுவரையும் பூட்டிய கதவையும் நம்பியிருந்த காலத்தில், நம் நாட்டு வைத்தியர்கள் சிலர் மனித உறவையே ஒரு மருந்தாகக் கண்டுகொண்டார்கள் என்பதில் நாம் நியாயமாகவே பெருமை கொள்ளலாம். பெருமையோடு நின்றுவிட முடியாது என்பதுதான் சங்கடம். நோயாளியைக் குடும்பம் தாங்குகிறது, சரி. அந்தக் குடும்பத்தைத் தாங்குவது யார் என்ற வினாவுக்கு நம் தேசம் இன்னும் முழுமையான விடை தரவில்லை.

மேலே செல்வதற்கு முன், பொதுஜனங்கள் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு நிலைமைகளைப் பிரித்துக் காட்டுவது அவசியம். மனச்சிதைவு, தீவிர மனச்சோர்வு, இருதுருவ மனநோய் போன்றவை, அதுவரை படித்தும் உழைத்தும் நன்றாக இருந்த ஒருவரைப் பெரும்பாலும் வாலிபப் பிராயத்திலோ அதற்குப் பிற்பாடோ வந்து பற்றும் நோய்கள். அவற்றுக்கு மருந்து உண்டு, தணிவும் திரும்ப எழுவதும் உண்டு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் போன்றவையோ பிறப்பிலேயோ மழலைப் பருவத்திலேயோ அமைந்துவிடும் வளர்ச்சி நிலைகள். மாத்திரையால் அவை மாறிவிடுவதில்லை. தகுந்த பயிற்சியும் பொறுமையும் சூழ்நிலையின் ஒத்துழைப்பும் இருந்தால் அந்தக் குழந்தை தன் சக்திக்கு எட்டிய உயரம்வரை வளரும். இரண்டும் வெவ்வேறாயினும், ‘மெண்டல்’ என்ற ஒரே ஏளனச் சொல்லால் தெரு அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. ‘கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஒரே யோசனையை இரண்டு வீட்டாருக்கும் சுற்றத்தார் வழங்குகிறார்கள். இரண்டு வீட்டுத் தாயும் கல்யாணங்காட்சிகளுக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொள்கிறாள்.

இது எங்கோ சில வீடுகளின் விவகாரம் என்று எண்ணுவதற்கில்லை. 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு அச்சமயம் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத தேசத்தில், வைத்தியர்களை மட்டுமே நம்பி இப்பாரத்தைச் சுமந்துவிடலாம் என்று எவரும் கருத முடியாது.

சென்னை நகரத்தில் மனநோயாளருக்கான காப்பகம் 1794லேயே தோன்றிவிட்டது. இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநலக் காப்பகம் அதன் வழிவந்ததே. ஊரில் ஒருவன் உளறினால் ‘கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவன்’ என்று கேலி செய்யும் அளவுக்கு அந்த இடத்தின் பெயரே ஒரு வசையாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். அடைத்து வைக்கும் இடமாக இருந்ததைத் தொழில் பழகும் இடமாகவும், வந்து பார்த்து மருந்து வாங்கிச் செல்லும் இடமாகவும் ஆக்க அவர் பிரயாசைப்பட்டார். ஆஸ்பத்திரியில் தேறிப் போகிற நோயாளிக்கு வெளியே ஒரு வாழ்க்கை காத்திருக்கவில்லையானால் அவர் மீண்டும் அதே வாசலுக்குத்தான் வந்து சேர்வார் என்பதை அனுபவத்தில் கண்ட அவர், ஓய்வு பெற்ற பின் 1984ல் மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்கென்றே ‘ஸ்கார்ஃப்’ என்ற ஸ்தாபனத்தைச் சென்னையில் நிறுவினார். அதன் பணியைப் பின்னால் பார்ப்போம்.

குடும்பத்தின் பலம் தீர்ந்துபோனால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு ஒரு பயங்கரமான விடியற்காலையில் கண்டது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா மனநோய் தீர்க்கும் தலமென்று பல நூற்றாண்டுகளாக மதபேதமின்றி ஜனங்கள் நம்பி வரும் இடம். அதைச் சுற்றி, பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் முளைத்திருந்தன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கிக்கொள்ள, 28 உயிர்கள் மாண்டன. நாடு பதைத்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்விஷயத்தைக் கையிலெடுத்தது, விடுதிகள் மூடப்பட்டன. சங்கிலி பூட்டியவர்களைச் சபிப்பது எளிது, சபிக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சங்கிலிக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் தகப்பன்மாரும் தமையன்மாரும்தான். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. விற்க வேண்டியதை விற்று, போகவேண்டிய கோயிலுக்கெல்லாம் போய், இரவுகளில் தூங்காமல் காவலிருந்து, ஒரு கட்டத்தில் இனித் தாங்காது என்று ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள் அவர்களுள் பலர்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியையும் நம் தமிழ்நாடே தந்திருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசாமி கோயில் என்றொரு கோயில். மனநோயாளிகள் குடும்பத்தாருடன் வந்து வாரக்கணக்கில் அங்கே தங்குவது வழக்கம். மந்திரிப்பதோ அடிப்பதோ கட்டிவைப்பதோ கிடையாது. காலையில் எளிய பூஜை, அதன்பின் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு கைங்கரியங்கள். அங்கே தங்கிய 31 பேரை வந்தபோதும் போகும்போதும் மனநல மருத்துவர்கள் பரிசோதித்து, அந்த ஆராய்ச்சியை 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற ஏட்டில் வெளியிட்டார்கள். நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. சில மருந்துகளால் விளையும் தணிவுக்கு அது ஒப்பானது. பயமுறுத்தாத ஓர் இடம், அவசரப்படுத்தாத மனிதர்கள், கூடவே இருக்கும் உறவு ஆகிய மூன்றுமே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் அபிப்பிராயம்.

ஏர்வாடி, முத்துசாமி கோயில் இரண்டும் தெய்வ நம்பிக்கையின் பேரில் ஜனங்கள் நாடிய இடங்களே. ஆகவே பக்தியா விஞ்ஞானமா என்று வழக்காடுவதில் பயனில்லை. கூடவே இருந்தார்களா, விட்டுவிட்டுப் போனார்களா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலில் கிடக்கலாம் என்பது இதற்குப் பொருளன்று. தீவிர மனநோய்க்கு மருந்து இன்றியமையாதது. ஏர்வாடியிலேயே இப்போது தர்காவுக்கு வருகிறவர்கள் பிரார்த்தனையை விடாமல் வைத்தியமும் பெறும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. அது விவேகமான வழி.

‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்று வாயால் சொல்லிவிடுவதால் மட்டும் சமூகம் பார்த்துக்கொள்வதில்லை என்பதற்கு அமெரிக்காவின் சரித்திரம் ஒரு பாடம். 1955ல் அந்நாட்டு அரசு மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன. 1963ல் ஜனாதிபதி கென்னடி, ஊர்தோறும் மனநல நிலையங்கள் அமைப்பதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிகளின் கதவுகள் திறந்தன. ஆனால் வாக்களித்த நிலையங்கள் போதிய அளவில் எழவில்லை. எழுந்தவற்றுக்கும் பணம் தொடர்ந்து வரவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் நகரத் தெருக்களிலும் மலிவு விடுதிகளிலும் சிறைச்சாலைகளிலும் போய்ச் சேர்ந்தார்கள். மதிற்சுவரை இடித்தவர்கள் அதற்குப் பதிலாக வீடொன்றைக் கட்டவில்லை.

பெல்ஜியம் நாட்டின் கீல் என்ற ஊர் இதற்கு மாறுபட்டது. சித்தம் கலங்கியோரின் காவல் தெய்வமென்று கத்தோலிக்கர் போற்றும் புனித டிம்ப்னாவின் ஆலயத்துக்கு மத்திய காலத்தில் வந்து குவிந்த நோயாளிகளை, ஆலயத்தில் இடம் போதாமல் ஊரார் தங்கள் வீடுகளில் ஏற்கத் தொடங்கினர். அவ்வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, 1930களின் இறுதியில் மூவாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தார்கள். இன்று தொகை வெகுவாகக் குறைந்துவிட்டாலும் வழக்கம் அற்றுப்போகவில்லை. தர்மசிந்தனை ஒன்றால் மட்டும் அது நிலைத்ததாக எண்ணலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, விருந்தாளியை வைத்திருக்கும் வீட்டுக்குப் படி உண்டு, கைமீறினால் கூப்பிட வைத்தியர் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. கீல் நகரத்துக் குடும்பங்கள் தளராமல் நின்றதற்குக் காரணம், அவற்றின் பின்னால் ஒரு வியவஸ்தை நின்றதே.

அத்தகைய வியவஸ்தையை நம் மண்ணில் அமைக்கும் முயற்சிகளுக்கு வருவோம். ஸ்கார்ஃப் ஸ்தாபனம் சென்னையோடு நின்றுவிடாமல் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்றது. கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சதாராவிலும், அந்த ஸ்தாபனத்தின் பொறுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்திலுமாக, மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவர் தரும் வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு அதனுடன், அந்தந்தப் பகுதியிலேயே தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் பயிற்சி தரப்பட்ட சாதாரணக் களப்பணியாளர்கள் வீடு தேடி வந்து செய்யும் உதவியும். 2014ல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளியான முடிவு, களப்பணியாளர் சென்ற பிரிவில் நோய்க்குறிகளும் அன்றாட வாழ்வின் முடக்கமும் அதிகமாகக் குறைந்திருந்தன என்றது. அற்புதம் என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதன்று. ஆயினும் அது தெளிவாகப் புலப்பட்டது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான்.

டாக்டர் பட்டம் பெறாத ஒரு பெண் வீட்டுக்கு வந்து அப்படி என்னதான் செய்துவிட முடியும்? ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். நடுத்தர வயது மகன். ஒரு காலத்தில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது திண்ணையை ஒட்டிய அறையில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான். ‘சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருக்கிறான் பாரும்மா, கொழுப்பு’ என்கிறாள் தாய். ‘கொழுப்பு இல்லேம்மா, அதுவும் இந்த நோயிலே ஒண்ணு, காதிலே குரல் கேக்கிறது நின்னாலும் இந்தச் சோர்வு லேசுலே போகாது’ என்கிறாள் களப்பணிப் பெண். அந்த ஒரு வாக்கியத்தால் வீட்டில் பத்து வருஷமாக நடந்துவந்த சண்டையின் திசை மாறுகிறது. பிறகு அவள் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாள். பாதி அட்டை தீராமலே கிடக்கிறது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது, வாயில் எச்சில் வழிகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு அவனே நிறுத்திவிட்டிருக்கிறான். அது மருந்தின் பக்கவிளைவு, டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார் என்று அவனுக்குச் சொல்லி, அடுத்த சிகிச்சை நாளில் தானே கூடப் போகிறாள். அடுத்த வாரம் ஒரே ஒரு வேலை: காலையில் பல் துலக்கிக் குளித்துவிட்டுத் தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கிவர வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறாள். அவர் ‘வாங்க தம்பி, சில்லறை இருக்கா?’ என்று மற்றவரிடம் கேட்பதுபோலவே கேட்கிறார். மாதங்கள் செல்லச் செல்லப் பால் பாக்கெட் ரேஷன் கடையாகிறது, ரேஷன் கடை பட்டறை வாசலில் அரை நாள் வேலையாகிறது. இதில் எந்தப் படியும் ஆஸ்பத்திரிக்குள் நடக்கக்கூடியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பொருட்டு இதே தத்துவத்தை வேறொரு விதமாகக் கையாண்ட இடம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி. 1975ல் கடற்படை அதிகாரி வேலைக்கான உடற்தகுதித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடன் வாழும் கணக்காய்வாளர் சங்கர ராமன் பிற்பாடு அவருடன் சேர்ந்தார். உதவி பெறுபவர் என்று உலகம் ஒதுக்கிவைக்கும் நிலையில் இருந்த இருவர் உதவியை நிர்வகிப்பவர்களாக ஆனதே ஒரு பெரிய பாடம். கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பும் முறையை அச்சங்கம் விரிவாக்கியது. பஸ் ஏறி, கூலியை இழந்து, நகரத்து நிபுணரிடம் மாதம் ஒருமுறை காட்டும் அரை மணியைவிட, வீட்டுக்குள் தினந்தோறும் கிடைக்கும் பல மணி நேரம் குழந்தைக்கு மேலான பயன் தரும் என்பது அதன் அடிப்படை.

இரண்டு வயதாகியும் உட்கார முடியாத ஒரு குழந்தையைத் தாய் பெரும்பாலும் இடுப்பிலேயே வைத்திருப்பாள், அல்லது பாயில் மல்லாக்கப் போட்டிருப்பாள். மேலே சுழலும் விசிறியைத் தவிர அக்குழந்தை பார்க்க உலகில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் பணியாளர் சுவரின் மூலையில் இரு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து அதை நிமிர்த்தி உட்கார வைக்கக் காட்டுகிறார். கை இரண்டும் முன்னால் வந்து கிண்ணத்தைத் தொடும்படி தோளைச் சற்றே முன்தள்ளிப் பிடிக்கக் கற்றுத் தருகிறார். குளிப்பாட்டும்போது ‘கை எங்கே, கால் எங்கே’ என்று பேசிக்கொண்டே எண்ணெய் தேய்ப்பதும் பயிற்சிதான் என்கிறார். உட்கார்ந்துவிட்ட குழந்தை சமையலறையைப் பார்க்கிறது, தெருவைப் பார்க்கிறது, அண்ணனோடு பந்தை உருட்டுகிறது. முதல் சில வருஷங்களுக்குள் இப்பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதே இதில் பிரதானம். ஏனெனில் மூளை அப்பருவத்தில்தான் மிகுந்த வேகத்தில் வளர்கிறது. ‘சில பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும்’ என்று ஆறுதல் சொல்லிக் காலத்தைக் கடத்திவிடும் சுற்றத்தார், நல்ல எண்ணத்தாலேயே பெருந்தீங்கு செய்துவிடுகிறார்கள்.

குடும்பமே இல்லாதவர்கள், குடும்பம் கதவைச் சாத்திவிட்டவர்கள் நிலை என்ன? 1993ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னைத் தெருக்களில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக ‘தி பேன்யன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேறியவர்களில் பலர் ஊரைச் சொல்லி உறவினரைக் கண்டுபிடித்து வீடு திரும்பினார்கள். எஞ்சியவர்களோ நோய் தணிந்தும் போக்கிடமின்றிக் காப்பகத்திலேயே வயது முதிர நேர்ந்தது. அவர்களுக்காக 2015 முதல் நடைபெறும் ஏற்பாடு, சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்து, நான்கைந்து பேரைச் சேர்த்துக் குடிவைத்து, கூடமாட உதவ ஒரு பணியாளரையும் அமர்த்துவது. அங்கே மணியடித்துச் சோறு போடுவதில்லை. இன்றைக்குப் புளிக்குழம்பா சாம்பாரா என்று தீர்மானிக்க வேண்டும். தொலைக்காட்சியில் எந்தத் தொடரைப் பார்ப்பதென்று சண்டை வரும். அடுத்த வீட்டுக்காரி கோலமாவு கடன் கேட்பாள். தீபாவளிக்குத் தட்டு போகும், தட்டு வரும். முதலில் ‘பைத்தியங்களைக் குடிவைக்கிறார்களா?’ என்று முகம் சுளித்த தெருவும், பக்கத்து வீட்டில் இருப்பது நம்மைப்போலவே மின்கட்டணத்துக்குக் கவலைப்படும் மனிதர்கள்தாம் என்று நாளடைவில் அறிந்துகொள்கிறது. வெறுப்பைப் போக்க ஆயிரம் துண்டுப்பிரசுரங்களைவிட ஓராண்டு அண்டை வீட்டுப் பழக்கம் வலியது.

சட்டமும் இப்போது இவ்வழியில்தான் நிற்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடைசெய்கிறது; குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது என்றும், சமூகத்தினுள் வாழ்வது அவருடைய உரிமை என்றும் சொல்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் காப்பகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே வாக்களித்தது அவ்வுரிமையின் ஒரு பிரத்தியட்ச அடையாளம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட 21 நிலைகளை அங்கீகரிக்கிறது. அதன்வழி அடையாள அட்டை பெற்றவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை, பயணச் சலுகை முதலியவற்றுக்கு வழியுண்டு. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் தமிழிலும் இயங்குகிறது.

‘நாங்கள் போன பிறகு இவனுக்கு யார்?’ என்று பெற்றோர்கள் இரவில் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு ஓரளவு மறுமொழியாக அமைந்தது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவருக்குப் பதினெட்டு வயது நிறைந்த பின், மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழு சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கலாம். ‘நிராமயா’ திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. இவற்றை அறிந்த பெற்றோர் அறியாத பெற்றோருக்குச் சொல்லித் தருவதே பெரும் உபகாரம். மாவட்டந்தோறும் பெற்றோர் சங்கங்கள் இருப்பதன் அவசியம் இங்கேதான் விளங்குகிறது. ஒரே துன்பத்தை அனுபவித்தவர் சொல்லும் யோசனைக்கு இருக்கும் மதிப்பு எந்த அதிகாரியின் சுற்றறிக்கைக்கும் வாராது.

எனினும் சட்டப் புத்தகத்துக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க மனிதர்கள் வேண்டும். நம்மவர் சமூக ஆதரவு என்றதும் அன்னதானத்தையும் பிறந்தநாள் விருந்தையும் நினைக்கிறார்கள். காப்பகத்துக்குப் போய் ஒரு வேளை பிரியாணி பரிமாறிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதில் பாவமொன்றுமில்லை. ஆனால் அங்கிருப்பவருக்கு அன்றைய பசியைவிட மறுநாளைய தனிமையே பெரிது. பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைக்கும்படி பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு பகல்நேர நிலையம். அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி கொடுத்து, நோய் கிளம்பும் வாரத்தில் பெயரை வெட்டாமல் இடத்தைக் காத்துவைக்கும் ஒரு முதலாளி. இவன் வந்தால் மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்னாமல் முதல் வரிசையில் இடம் கொடுக்கும் ஓர் ஆசிரியை. திருவிழாவில் வடம் பிடிக்க, ‘நீயும் வா’ என்று கையசைத்துக் கூப்பிடும் நாலு இளைஞர்கள்: ஆதரவு என்பது இத்தகைய சாமானியமான, திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய காரியங்களின் தொகுதியே.

இவற்றை நல்ல மனத்துக்கே விட்டுவிட்டால் நீடிக்கா. நல்ல மனம் நம்மிடத்தில் என்றுமே குறைந்ததில்லை, குறைந்தது ஒழுங்கு. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கும் ஊராட்சி, வீடு தேடிச் செல்லும் களப்பணியாளருக்கும் பகல்நேர நிலையத்துக்கும் ஒதுக்கலாகாதென்று ஒரு விதியுமில்லை. அப்பணியாளர் தொண்டுள்ளத்தை மட்டும் கூலியாகப் பெறுகிறவராக இல்லாமல், ஒழுங்கான ஊதியமும் தொடர்ச்சியான பயிற்சியும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு வைத்தியரும் உடையவராக இருக்க வேண்டும். ஒரு திட்டத்தின் நிதி மூன்றாண்டில் முடிந்ததும் மறைந்துபோகிறவராக இருத்தலாகாது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து, ‘நம் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை, அவர்களுக்கென்று இந்த வருஷம் என்ன செய்யப்போகிறோம்?’ என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அக்கேள்வியை அந்த வீட்டுத் தாயே வந்து கேட்கும்வரை காத்திராமல் அவளுடைய அண்டை வீட்டார் எழுந்து கேட்பார்களானால், அந்த ஊரில் வேலை தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம்.